மூன்றாவது கியரில் நிற்காத வண்டி

காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவேன். ஜன்னலைத் திறப்பேன். அதற்குள் கீழே மில்லில் பெல்ட் ஓடத் தொடங்கியிருக்கும். மாடியின் பலகைத் தரை லேசாக அதிரும். பல் துலக்கி, முகம் மழித்து, நானே இஸ்திரி போட்டு வைத்த சட்டையை மாட்டிக்கொள்வேன். அத்தை கோப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பேன். படியிறங்கும்போது மிளகாய் நெடி முதலில் வரும், மல்லி வாசனை அடுத்து வரும். எனக்குத் தும்மல் வருவதில்லை. பழகிவிட்டது.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் இறங்கினேன். நான் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் மேற்பார்வையாளன். புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். கடைசிப் படிக்கருகில் என் மாமனார் தங்கராஜு காத்திருந்தார். சிங்கப்பூர் கஃப் ரோட்டில் இருக்கும் அந்த மசாலா மில் அவருடையது. மாடியில் நான் இருக்கும் அறையும் அவருடையதுதான். மூன்று வருடத்துக்கு முன் அவர் மகள் பாக்கியலட்சுமியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தேன். அவள் இறந்து அந்த வாரத்தோடு ஒரு வருடம். என்னைப் போகும்படி யாரும் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

"மாப்ள, இன்னிக்கி வேற வேலை ஒண்ணும் இல்லியே?"

"இல்ல மாமா."

"வண்டிய பாத்து ஒரு முடிவு சொல்லுங்க. லாவண்டர் ஸ்திரீட்டு பட்டறைக்காரன் கியர்பாக்ஸ் போச்சுங்கிறான். டிரைவர் கை சரியில்ல, அவன்தான் ஒடச்சுட்டான்னு சொல்றான். எனக்கும் அதான் தோணுது. இருந்தாலும் நீங்க மெட்ராசுல அதுக்குன்னே படிச்சுட்டு வந்தவரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

"என்ன முடிஞ்சு போச்சு?"

"வண்டி சுங்கை ரோட்டுக்கு. ரவூப்பு அவன் வூட்டுக்கு."

சுங்கை ரோட்டில் பழைய இரும்பு வாங்குவார்கள்.

மாமா சொன்ன வண்டி மில்லின் பிக்கப். போர் முடிந்த பிறகு கப்பலில் வந்த இங்கிலாந்து வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் பலகை அடித்த தொட்டியில் மூட்டைகள் போகும். அதை வருடக்கணக்காக ஓட்டியது பாக்கியம்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பிக்கப் ஓட்டிப் போவதைப் பார்க்க செராங்கூன் ரோட்டில் ஆட்கள் நிற்பார்கள். மாமாவுக்கு முதலில் விருப்பமில்லை. மகன் கிடையாது. வைத்த டிரைவர்கள் நிலைக்கவில்லை. வேறு வழியின்றிச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். வண்டிக்கு ஏதாவது கோளாறு வந்தால் அன்றோடு சாவி அவர் கைக்குத் திரும்பிவிட வேண்டும். அவள் இறக்கும்வரை சாவி திரும்பவில்லை. "எம்மவ கையில அந்த வண்டி ஒரு சத்தம் போட்டதில்ல" என்று மில்லுக்கு வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்வார்.

ரவூப் அப்போது மூட்டை ஏற்றி இறக்குபவர். வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போவார். அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுக்க வைத்ததும் அவள்தான். அவள் போன பிறகு வண்டி அவர் கைக்கு வந்தது. இப்போது அதுதான் சிக்கல். கியர்பாக்ஸை உடைத்தவன் என்ற பேச்சு எங்கள் வட்டாரமான தேக்காவில் ஒருமுறை பரவிவிட்டால் அப்புறம் யாரும் அவரிடம் சாவி கொடுக்க மாட்டார்கள். மறுபடியும் மூட்டைதான்.

"இன்னொண்ணு மாப்ள" என்றார் மாமா. "வெள்ளிக்கிழமை பேப்பர்ல நினைவஞ்சலி வருது. போட்டோ குடுத்தாச்சு. கீழ போட நாலு வரி நீங்க எழுதிக் குடுங்க. அவ கடைசியா சொன்னத அப்படியே போட்டுடுங்க."

"என்னன்னு போடணும்?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? 'முருகா, எங்கப்பாவப் பாத்துக்க.' அதான்."

தலையசைத்தேன்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. குடல்வால் வெடித்துக் காய்ச்சல் ஏறியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது கட்டிலோடு நடந்தது நான் மட்டும்தான். அவள் அம்மா, என் அத்தை, ஆஸ்பத்திரி வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றிருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். "முருகான்னா" என்றார் அத்தை. பதினாறாம் நாள் காரியத்துக்குள் அதில் அப்பாவும் சேர்ந்துகொண்டார். நான் மறுக்கவில்லை. அவள் சொன்னது எனக்கே விளங்கவில்லை. காய்ச்சலில் ஏதோ உளறினாள் என்று நினைத்திருந்தேன். அதற்கு முருகா தேவலை.

சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனேன்.

ரவூப் மட்கார்டில் சாய்ந்து நின்றிருந்தார். வண்டியைக் கழுவி வைத்திருந்தார்.

"தீர்ப்பு சொல்ல வந்துட்டீங்களா சார்?"

"முதல்ல விசாரணை."

"அப்ப ஒரு கோப்பி குடிச்சுட்டு வந்துடறேன். வெறும் வயித்துல தூக்குல போட்டா நல்லா இருக்காது லா."

"அப்புறம் குடிக்கலாம். வண்டி என்ன பண்ணுது?"

"அதான் பட்டறைக்காரன் சொன்னானே..."

"அவன் சொன்னத விடுங்க. நீங்கதான் உக்காந்து ஓட்டறீங்க. என்ன பண்ணுது?"

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார்.

"மூணாவது கியர்ல நிக்க மாட்டேங்குது. எறக்கத்துல எண்ணெய் மிதியிலேர்ந்து காலை எடுத்தா டக்குன்னு வெளிய வந்துடும்."

"ஏத்தத்துல?"

"ஏத்தத்துல வராது."

"நாலாவது?"

"நாலாவது கல்லு மாதிரி நிக்கும்."

அந்தப் பதிலிலேயே பாதி தெரிந்துவிட்டது. ஆனால் பாதியை வைத்துக்கொண்டு எதையும் பிரிப்பது என் வழக்கமில்லை. ஒரு கோளாறு இன்னொன்றுக்குப் பின்னால் நின்றுகொள்ளும். எங்கள் பட்டறையில் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: எஞ்சினின் சக்தி எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறதோ அந்த வழியிலேயே வரிசையாகப் பார்த்துக்கொண்டு போ. முதலில் கிளட்ச். அடுத்து கியர்பாக்ஸ். அதிலிருந்து வண்டிக்கு அடியில் பின்னால் போகும் நீள ஷாஃப்ட். கடைசியில் பின் அச்சு. எதையும் பார்க்காமல் விடாதே.

கிளட்சிலிருந்து தொடங்கினேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, நாலாவது கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டேன். வண்டி ஒருமுறை குலுங்கியது. எஞ்சின் அணைந்தது. நல்லது. கிளட்ச் வழுக்கினால் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கிளட்ச் மிதியில் காலை வைத்தபடியே ஓட்டும் டிரைவர் கையில் அது ஒரு வருடம் தாங்காது. ரவூப்பின் கால் சரியாக இருந்தது.

ஓட்டிப் பார்க்க வேண்டிய கியர்பாக்ஸை மட்டும் கடைசிக்கு வைத்துவிட்டு, வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். மிளகாய்ச் சாக்கு. கழுத்து எரிந்தது.

"சார், அது மிளகாச் சாக்கு" என்றார் ரவூப்.

"இப்பதான் தெரிஞ்சுது."

"மல்லிச் சாக்கு இருக்கு. தரவா?"

"முதல்லயே தந்திருக்கலாம்."

"நீங்க படிச்சவரு. பாத்துத்தான் எடுத்தீங்கன்னு நெனச்சேன்."

ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். முன் மூட்டில் ஆட்டமே இல்லை. பின் மூட்டில் இருந்த ஆட்டம் அந்த வயது வண்டியில் இருக்க வேண்டியதுதான். இரண்டிலும் கிரீஸ் புதிதாக இருந்தது. பின் அச்சின் திருகைக் கழற்றி எண்ணெயில் விரலை விட்டேன். அளவு சரி. இரும்புத்தூள் இல்லை. வெளியே வந்து கழுத்தைக் கழுவிக்கொண்டேன். நான்கில் மூன்று முடிந்தது. மிச்சம் கியர்பாக்ஸ்.

அதை நிறுத்தி வைத்துப் பார்க்க முடியாது. ஓட்ட வேண்டும், அதுவும் சுமையோடு ஓட்ட வேண்டும். புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு மளிகைக் கடைக்குப் போக வேண்டிய மூட்டைகள் மில்லில் காத்திருந்தன. ஏற்றச் சொன்னேன்.

புக்கிட் தீமா ரோட்டில் கால்வாயை ஒட்டிப் போகும்வரை வண்டி ஒழுங்காகவே போனது. நான் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் எதுவும் பின்னாலிருந்து வரவில்லை. முதல் கியர், இரண்டாவது கியர் இரண்டிலும் ஒரே சீரான சத்தம். ரவூப் கியர் மாற்றுவது காதுக்கே கேட்கவில்லை. கிளட்சை மிதித்து, ஒரு கணம் பொறுத்து, கியர்க் கம்பியைத் தள்ளினார். பல்லோடு பல் உரசும் சத்தம் ஒருமுறைகூட இல்லை.

கண்ணைத் திறந்தேன். மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருந்தோம். அவருடைய வலது கை ஸ்டீரிங்கில் இருந்தது. இடது கை கியர்க் கம்பியின் மேலேயே அழுந்தி இருந்தது.

"கம்பியிலேர்ந்து கைய எடுங்க."

"இருக்கட்டும் சார்."

"எடுங்க. பாக்கணும்."

மேட்டிலேறி, ரயில் பாலத்தைத் தாண்டி இறங்கும் இடம். அவர் கையை எடுத்தார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலையும் எடுத்தார். வண்டி சரிவில் நாலைந்து கஜம் போயிருக்கும். டக். கம்பி தானாகத் துள்ளி நடுவில் வந்து நின்றது. வண்டி கட்டுப்பாடில்லாமல் உருளத் தொடங்கியது. ரவூப் பிரேக்கை மிதித்து, மறுபடி மூன்றாவதைப் போட்டு, கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"மூணாவது கியருக்கு இது மாமியார் வூடு சார். போவும், தங்காது."

ஒரு சைக்கிளை ஒதுங்கிக் கடந்தார். பிறகு, "உங்கள சொல்லல" என்றார்.

"தெரியும்."

"நீங்க தங்கிட்டீங்க."

"எப்பலேர்ந்து இப்படிப் புடிச்சுக்கிட்டே ஓட்டறீங்க?" என்று கேட்டேன்.

"வண்டிய கையில எடுத்த நாள்லேர்ந்து."

"முதல் நாள்லேர்ந்தா?"

அவர் சாலையைப் பார்த்தார். "சரியா நெனவில்ல சார்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. கைக்கே தெரிஞ்சுது."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். காது சிவந்துவிட்டது.

மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நான் ஓட்டினேன். மூன்றாவது கியரைப் போட்டு உள்ளங்கையைக் கம்பியின் குமிழ்மேல் வைத்து முன்னால் அழுத்திப் பிடித்தேன். கம்பி கையில் உதறியது. விட்டால் போய்விடும். அப்போதுதான் அதைக் கவனித்தேன். குமிழுக்குக் கீழே கம்பியின் கறுப்புப் பூச்சு உரிந்திருந்தது. மெல்லிய கீறல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு விரல் அகலத்துக்கு. என் மணிக்கட்டுக்கு நேராக இருந்தன.

ரவூப்பின் கையைப் பார்த்தேன். "நீங்க கடிகாரம் கட்டறதில்லியா?"

"இல்ல சார். தண்ணியில மூட்டையில வீணாயிடும். ஏன்?"

"சும்மாதான்."

பாக்கியம் இடது கையில் இரண்டு தங்க வளையல் போட்டிருப்பாள்.

மில்லுக்கு வந்ததும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலிருந்த தரைப் பலகையைக் கழற்றினேன். அடியில் கியர்பாக்ஸின் மேல்மூடி தெரிந்தது. மூடியின் திருகாணிகள்மேல் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கெட்டியாகப் படிந்திருந்தன. எந்த ஸ்பானரும் பட்ட அடையாளம் இல்லை. லாவண்டர் ஸ்திரீட்டுக்காரர் திறந்தே பார்க்கவில்லை. டிரைவரைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

பழைய எண்ணெயை எனாமல் தட்டில் வடித்தேன். கலங்கியிருந்தது, உலோகத் துண்டு எதுவும் வரவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். ரவூப்பை ஷாஃப்டைச் சுற்றச் சொல்லி எல்லாப் பற்களையும் பார்த்தேன். கியரை அரைத்துப் போடுகிறவன் கையில் பற்களின் முனை மழுங்கும், சிலது சிதறும். இங்கே முனைகள் அப்படியே இருந்தன. அதை ஓட்டியவர்கள் இரண்டு பேருமே நல்ல கைக்காரர்கள்.

பிறகு மூடியைப் புரட்டினேன். கியர்க் கம்பியின் அசைவை உள்ளே கொண்டுபோகும் தண்டுகள் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு தண்டிலும் இரண்டு விரல் கொண்ட ஒரு கவை. கவை கியரைப் பிடித்துத் தள்ளும். தள்ளிய இடத்தில் தண்டை நிறுத்தி வைப்பது ஒரு சின்ன இரும்புக் குண்டும், அதை அழுத்தும் ஒரு ஸ்பிரிங்கும்.

மூன்றாவதையும் நாலாவதையும் போடும் தண்டின் குழியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்தேன். இரண்டு துண்டாக வந்தது. அந்தத் தண்டின் கவையையும் எடுத்துத் துடைத்தேன். ஒரு பக்கம் தொழிற்சாலையில் செய்த கனத்தோடு இருந்தது. மறுபக்கம் தகடு போலத் தேய்ந்து பளபளத்தது. ஒரே திசையில் இடைவிடாமல் அழுத்தினால்தான் அப்படித் தேயும். நாலாவதுக்குத் தள்ளும் பக்கம் தேயவில்லை. அதனால்தான் அது நின்றது.

ஸ்பிரிங்கின் உடைந்த முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புதிய உடைவு சாம்பல் நிறமாக, சொரசொரப்பாக இருக்கும். இவை ஒன்றோடொன்று உரசி உரசி வழவழப்பாகியிருந்தன. ஒரு வருடத்தில் அப்படி ஆகாது. நாலைந்து வருடமாவது வேண்டும்.

நான் அவளைக் கட்டுவதற்கு முன்பே அந்த ஸ்பிரிங் உடைந்திருக்க வேண்டும். அவ்வளவு காலமும் அவள் இடது கையால் கியரைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஸ்டீரிங்கைத் திருப்பி, மூட்டைகளோடு ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறாள். புக்கிட் தீமா சரிவில். தேக்கா மார்க்கெட் நெரிசலில். ஜூரோங்கில் குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பிக்கொண்டிருந்த செம்மண் வழிகளில். பக்கத்தில் நான் உட்கார்ந்து போன ஒன்றிரண்டு நாள்களிலும் அப்படித்தான் ஓட்டினாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டினாள்.

கட்டிலோடு நடக்கும்போது அவள் சொன்னது அப்போது எனக்கு விளங்கியது.

ஸ்பானரைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன்.

"ரவூப்."

"சொல்லுங்க சார்."

"இது உங்களுக்குத் தெரியும்."

அவர் ஸ்பிரிங் துண்டுகளைப் பார்த்தார். மறைக்க இனி எதுவுமில்லை என்று தெரிந்தவர் போலத் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். தெரியாம இருக்குமா? பட்டறையில வுட்டா அப்பா சாவிய வாங்கிடுவாரு அண்ணேன்னு தங்கச்சி சொல்லும். கை வலிக்கும். எறக்கத்துல கொஞ்சம் நான் புடிச்சுக்குவேன். அது ஸ்டீரிங்கப் பாத்துக்கும், நான் கியரப் பாத்துக்குவேன். சிரிச்சுக்கிட்டே வரும்."

"மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"என்ன சொல்ல சொல்றீங்க? உங்க மவ ஒடஞ்ச வண்டிய உங்களுக்குத் தெரியாம ஓட்டிச்சுன்னா? எம்மவ கையில ஒரு சத்தம் போட்டதில்லன்னு தெனம் அம்பது பேருகிட்ட சொல்லிக்கிட்டு இருக்காரு. அவருக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்." துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "பழைய வண்டி, தேஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க சார்."

"அப்படிச் சொன்னா வண்டி சுங்கை ரோட்டுக்குப் போயிடும். நீங்க மூட்டைக்குப் போயிடுவீங்க."

"முதுகு இருக்குல்ல."

"வண்டி ஓட்டுற கையும் இருக்கு" என்றேன். "எந்திரிங்க."

பகல் சாப்பாட்டுக்கு மில்லை நிறுத்தியிருந்தார்கள். பெல்ட் ஓடாதபோது அந்த இடத்தில் பேச்சு ரொம்பத் தெளிவாகக் கேட்கும். மாமா மேசையில் உட்கார்ந்திருந்தார். அத்தை ரத்தினம்மா அடுக்குக் கேரியரைத் திறந்து சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். நான் எனாமல் தட்டை மேசைமேல் வைத்தேன். தட்டில் கவையும் இரண்டு ஸ்பிரிங் துண்டுகளும் இருந்தன. ரவூப் வாசற்பக்கம் நின்றார்.

"சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல என்னத்த கொண்டாந்து வைக்கறீங்க?" என்றார் அத்தை.

"கியர்பாக்ஸ் போகல மாமா. பல்லெல்லாம் நல்லா இருக்கு. கெட்டது இந்த ரெண்டுதான். ஸ்பிரிங்கு ஜாலான் புசார்ல கிடைக்கும். இந்தக் கவையில பித்தளை பத்தவச்சு இழைச்சுட்டா போதும். சாயங்காலம் வண்டி ஓடும்."

"அப்ப பட்டறைக்காரன் சொன்னது?"

"அவன் மூடியத் தொறக்கவே இல்ல."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார். "சரி. இத யாரு ஒடச்சா?"

"நான்தான் முதலாளி" என்றார் ரவூப்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"என் கை கொஞ்சம் கனம் முதலாளி. மூட்டை தூக்குன கை பாருங்க."

"பாத்தீங்களா மாப்ள, அவனே சொல்லிட்டான்."

"அவர் பொய் சொல்றாரு மாமா."

"ஒடச்சவனே ஒடச்சேங்கிறான். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?"

"அந்த ஒடஞ்ச எடத்துல வெரல வச்சுப் பாருங்க."

மாமா ஒரு துண்டை எடுத்தார். கட்டைவிரலால் முனையைத் தடவினார். அந்த விரல் எனக்குத் தெரியும். அரைக்கும் கல்லை அதே விரலால் தடவித்தான் கொத்த வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வார். தேய்மானத்தைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

விரல் நின்றது. இன்னொரு துண்டை எடுத்தார். அதையும் தடவினார்.

"ரவூப் வண்டி எடுத்து ஒரு வருஷம்தான் ஆவுது" என்றேன். "இது ஒடஞ்சப்ப அவரு மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தாரு."

மாமா துண்டுகளைத் தட்டில் போட்டார். தட்டு சத்தம் போட்டது.

"செத்தவ மேல பழி போடறீங்களா? கட்டுன பொண்டாட்டி மேல?"

"பழி இல்ல மாமா. கியர் நிக்காத வண்டிய அத்தன வருஷம் ஓட்டியிருக்கா. ஒரு மூட்டை கீழ விழுந்ததில்ல. ஒரு ஆள் மேல இடிச்சதில்ல. உங்களுக்கு ஒரு சத்தம் கேட்டதில்ல. எங்க கம்பெனியில அவ்வளவு டிரைவர் இருக்காங்க, ஒருத்தரால முடியாது."

"அப்படி என்ன வீம்பு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

அத்தை கரண்டியைக் கேரியரில் வைத்தார். "சொன்னா சாவிய வாங்கி வச்சுக்குவீங்க. நீங்கதானே அப்படி சொல்லி வச்சிருந்தீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"உங்களுக்குப் பேச்சு. அவளுக்கு வண்டி."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு தனக்குள் சொல்வது போலச் சொன்னார்: "சாவறப்ப கூட என்னைத்தான் நெனச்சா. அப்பாவப் பாத்துக்கன்னு..."

"அவ அப்படி சொல்லலங்க" என்றார் அத்தை.

மாமா நிமிர்ந்தார்.

"கோடியில நின்னுக்கிட்டு இருந்தேன். எங்காதுல ஒண்ணும் விழல. வந்தவங்க கேட்டாங்க. ஒண்ணுமே சொல்லாம போயிட்டான்னு எப்படி சொல்றது? முருகான்னேன். மிச்சத்த நீங்களே சேத்துக்கிட்டீங்க. மாப்ளதான் பக்கத்துல இருந்தாரு."

யாரும் சாப்பிடவில்லை. ரவூப் வெளியே போகத் திரும்பினார்.

"நில்லு" என்றார் மாமா.

எழுந்து சுவரருகே போனார். வண்டிச் சாவி காலண்டருக்குக் கீழே ஆணியில் தொங்கியது. பட்டறைக்காரர் சொன்ன அன்றே ரவூப்பிடமிருந்து வாங்கி அங்கே மாட்டியிருந்தார்; காலையில் ஓட்டிப் பார்க்க எடுத்ததை நான் திரும்ப மாட்டியிருந்தேன். எடுத்துக்கொண்டுபோய் ரவூப்பின் கையில் வைத்தார்.

"சாயங்காலம் வண்டி ஆயிடுச்சுன்னா காலையில ஜூரோங் லோடு. அங்க கேன்டீன்காரன் மூணு நாளா கத்திக்கிட்டு இருக்கான்."

"சரி முதலாளி."

"இனிமே எது ஒடஞ்சாலும் எங்கிட்ட வந்து சொல்லு. சாவிய கேக்க மாட்டேன்."

"சரி முதலாளி."

"கை கனமாம். பொய் சொல்றதுக்குக்கூட ஒரு லட்சணம் வேணும்டா."

ரவூப் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சந்துப் பக்கம் போனார். நானும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஜாலான் புசாரில் பற்றவைக்கும் கடையை நான்கு மணிக்குள் பிடிக்க வேண்டும்.

"மாப்ள."

நின்றேன்.

"பேப்பருக்கு என்ன எழுதப் போறீங்க?"

"பேரும் தேதியும் போதும் மாமா."

அவர் ஆமோதித்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ என்னதான் சொன்னா? பேப்பருக்கு இல்ல. எனக்குச் சொல்லுங்க."

சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் இருந்தது. காலை நேரம், ஈரத் துணியால் துடைத்த வராந்தா, கட்டிலின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. அன்றைக்குப் போக வேண்டிய லோடு மில்லில் ஏற்றி நின்றது, ரவூப் முதல்முறையாகத் தனியாக எடுத்துப் போக இருந்தார். கதவு வந்துவிட்டது, இதற்கு மேல் நீங்கள் வரக் கூடாது என்றார் நர்ஸ். அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். அவள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாமாவிடம் சொன்னேன்.

"ரவூப் அண்ணன ஒத்தக் கையால ஓட்டச் சொல்லுங்க. அப்பாவுக்குத் தெரிய வேணாம்."